ஜிரோ போய்ட்டு வந்தா பேங்க் பேலன்ஸ் ஜீரோ ஆகணுமா?



அருணாசலப் பிரதேசத்துல ஜிரோன்னு ஒரு மலை ஊர். 2012-ல் தொடங்கிய ஜிரோ இசை விழா அங்கே செப்டம்பரில் நடக்கும். மூங்கில் மேடை, சுற்றிலும் நெல் வயல், அபதானி மக்கள் தயாரிக்கிற அரிசி பீர்... ஆசை வர்றது நியாயம்தான்.

ஆனா டிக்கெட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீங்க. விமானம், மலைப்பாதைக்கு வண்டி, இன்னர் லைன் பெர்மிட், டென்ட் வாடகை, சாப்பாடு எல்லாம் இருக்கு. ஒரு பேச்சுக்கு மொத்தம் 30,000 ரூபாய்னு வச்சுப்போம்.

வழி 1: கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு, மாதம் 2,000 கட்டுவது. வட்டி மாதம் 3.5% என்றால் முதல் மாதம் 1,050 ரூபாய். அதுக்கு 18% ஜிஎஸ்டி 189. ஆக, நீங்க கட்டுற 2,000-ல் அசலுக்குப் போறது வெறும் 761! இன்னொரு விஷயம்: பாக்கி இருக்கும்வரை, அதே கார்டில் வாங்குற மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வழி 2: அக்டோபரில் ஆர்டி தொடங்குங்க. மாதம் 2,750 வீதம் 11 மாதம் கட்டினால் ஆகஸ்டில் 30,250 ரூபாய், வட்டி தனி. விமான டிக்கெட் முன்கூட்டியே போடணும்னா, ஆர்டியையும் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க.

பாட்டு ரெண்டு வழியிலயும் ஒண்ணுதான். ஆனா ரெண்டாவது வழியில, குடிச்ச பீருக்கு பொங்கல் வரைக்கும் வட்டி கட்ட வேண்டியதில்லை!