பெனால்ட் மாங்கனீசுச் சுரங்கம்: கல்லில் நிலைத்த பெயர்கள்

முன்னுரை

பயன்பாடு முடிந்ததும் மக்கள் மறந்துவிடும் இடங்களுள் சுரங்கங்களும் அடங்கும். ஆயினும், கைவிடப்பட்ட சிறு சுரங்கம் ஒன்று தன் நாட்டின் பெயரை உலக அறிவியலில் நிலைநிறுத்தியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் பயனும்

வேல்சு நாட்டின் வடமேற்கே, கடலுள் நீண்டு கிடக்கும் லீன் தீவக்குறையில் ரியூ என்னும் சிற்றூர் உள்ளது. அப்பெயருக்கு வேல்சு மொழியில் 'மலைச்சரிவு' என்பது பொருள். அச்சரிவில் அமைந்ததே பெனால்ட் சுரங்கம்.

மாங்கனீசு எஃகுத் தொழிலுக்கு இன்றியமையாதது. இரும்பிலுள்ள கந்தகம், எஃகைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது வெடிப்புறச் செய்யும். மாங்கனீசு அக்கந்தகத்தைத் தன்பால் ஈர்த்து அக்குறையைப் போக்கும். இரண்டாம் உலகப் போரில் கடல்வழி வரவு இடருற்றமையால் இச்சுரங்கம் மீண்டும் முனைந்து தோண்டப்பெற்றது. 1945இல் போர் முடிந்தது, சுரங்கமும் ஓய்ந்தது.

நிலவியல்

இங்குள்ள பாறைகள் ஆர்டோவீசியக் காலத்தைச் சார்ந்தவை; ஏறத்தாழ 47 கோடி ஆண்டுத் தொன்மையுடையவை. அன்று கடலடியில் படிந்த சேறே பின்னர்ச் சேற்றுப்பாறை ஆயிற்று. அதனிடையே மாங்கனீசுப் படிவுகள் அமைந்தன. எரிமலைக் குழம்பும் அப்படிவுகளினூடே புகுந்து இறுகியது. பிற்கால நில அழுத்தத்தால் அடுக்குகள் மடிந்தன, பிளந்தன, இடம்பெயர்ந்தன. ஆதலின் கனிமம் தொடர்படுகையாக அன்றித் துண்டு துண்டாகக் கிடைத்தது.

பெயரியல்

தாதுவை ஊடறுக்கும் மெல்லிய நரம்புகளில் பேரியம் கலந்த அரிய கனிமங்கள் கண்டறியப்பெற்றன. அவற்றுள் 1944இல் அறிவிக்கப்பட்ட பானல்சைட்டு, பேரியம், சோடியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் குறியீடுகளைக் கோத்து அமைத்த பெயராகும். 1946இல் அறிவிக்கப்பட்ட பென்னன்டைட்டு என்னும் மாங்கனீசுக் கனிமம், வேல்சு இயற்கையியலார் தாமசு பென்னன்டை நினைவூட்டும். 1949இல் வந்த சிம்ரைட்டு என்பதோ, வேல்சு மக்கள் தம் நாட்டைத் தம் மொழியில் அழைக்கும் 'கம்ரி' என்னும் பெயரினின்று பிறந்தது. உலகில் எங்கு அக்கனிமம் கிடைப்பினும், அச்சிறு நாட்டின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும்.

நம் பரங்கிமலைப் பாறையை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும். அங்குள்ள பாறைவகை உலக நூல்களில் 'சார்னோக்கைட்டு' என வழங்குகிறது. கொல்கத்தாவில் அப்பாறையால் அமைந்த கல்லறையில் துயிலும் ஆங்கிலேயர் யோபு சார்னாக்கின் பெயர் அது. கல் நம்முடையது, பெயர் பிறருடையது!

முடிவுரை

முதலில் ஆய்ந்து உரைப்பவரே பெயரிடுகின்றனர். எனவே தமிழ் பயிலும் மாணவர் அறிவியலையும், அறிவியல் பயிலும் மாணவர் தமிழையும் அயலாகக் கருதலாகாது. நம் மண்ணை நாமே ஆய்ந்தால், நம் சொற்களும் கல்லில் நிலைபெறும்.