ஏரி முதல் குவளை வரை: நோயாளியின் இல்லத்தில் குடிநீர்

வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டையும் உணவுக் குறிப்பையும் பெற்றுக்கொண்ட பின்னர், பராமரிப்பாளர்கள் எங்களிடம் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு: "குழாய்த் தண்ணீரைக் கொடுக்கலாமா, கேன் தண்ணீர்தான் வாங்க வேண்டுமா?" ஒரு சொல்லில் இதற்கு விடை கூற இயலாது. தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டது, எவ்வழியே வந்தது, எத்தனை நாள் எங்கே தங்கியது என்பவற்றை அறிந்தாலன்றித் தக்க விடை கிடைக்காது. ஆகவே இவ்விதழில் சென்னை மாநகரின் குடிநீர் வரும் வழியைச் சற்று விரிவாக எடுத்துரைக்கிறோம். பிற ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு வருவோருக்கும் இக்கட்டுரையின் பிற்பகுதி பொருந்தும்.

நீர் வரும் வழி

சென்னைக்கு வற்றாத ஆறு இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் தேக்கி, ஆண்டு முழுவதும் பகிர்ந்து உண்ணும் நகரம் இது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் முழுமையாக நிரம்பினால் ஏறத்தாழ 11 டி.எம்.சி. நீர் இருக்கும். இவற்றுள் பூண்டி, கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. இவை போதாமையால், கிருஷ்ணா நதிநீரை ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வழங்குவதற்கு ஆந்திரத்துடன் 1983இல் உடன்பாடு ஏற்பட்டது. கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே அந்நீர் முதன்முதலாகத் தமிழகத்தை அடைந்தது 1996இல். உடன்பாட்டில் குறித்த அளவு எல்லா ஆண்டுகளிலும் வந்து சேர்வதில்லை. 2004 முதல் வீராணம் ஏரியின் நீரும், 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய் வழியே நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை கொண்டுவரப்படுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுடைய மற்றோர் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. இவை அனைத்தையும் ஒருங்கிணைத்து வீடுகளுக்கு அனுப்பும் பொறுப்பு, 1978இல் அமைக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்தினுடையது.

நோயாளிக்கு இவ்விவரங்கள் எதற்கு என்று எண்ண வேண்டா. உங்கள் தெருக்குழாயில் வரும் நீர் ஆண்டு முழுவதும் ஒரே நீர் அன்று. பருவத்துக்கு ஏற்பவும் பகுதிக்கு ஏற்பவும் அதன் ஊற்று மாறுகிறது, சுவையும் மாறுகிறது. சுவை மாறியது என்பதற்காக மட்டும் அஞ்சத் தேவையில்லை. ஏரிகள் வற்றும் காலத்திலோ வேறொன்று நிகழ்கிறது. 2019ஆம் ஆண்டின் கோடையில் நீர்த்தேக்கங்கள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தது. அத்தகைய காலங்களில் குழாயில் நீர் வரும் நேரம் சுருங்குகிறது. வீடுகளில் சேமித்து வைக்கும் நாள்கள் கூடுகின்றன. லாரி நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. தட்டுப்பாட்டுக் காலத்தில் நோயாளியின் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

தூய்மை எவ்வாறு உண்டாக்கப்படுகிறது

புழல் ஏரியின் நீரைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரும் திட்டம் 1872இல் நிறைவேறியது. ஆயினும் வடிகட்டும் படுகைகளோடு கூடிய கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் அமைந்தது 1914இல்தான். இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் நகர மக்கள் அருந்தியது வடிகட்டாத ஏரிநீரே. காலராவும் குடற்காய்ச்சலும் அக்காலத்தில் ஊரை உலுக்கியதில் வியப்பில்லை.

இன்று கீழ்ப்பாக்கம், புழல், செம்பரம்பாக்கம், வீராண நீருக்கென வடக்குத்து ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. செம்பரம்பாக்கத்தின் திறன் மட்டும் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர். அங்கு நிகழ்வது நம் பாட்டிமார் அறிந்த முறையின் பெருவடிவமே. கலங்கிய நீரில் படிகாரத்தைச் சுழற்றித் தெளியவைத்த பழக்கம் பல வீடுகளில் இருந்தது அல்லவா? நிலையத்திலும் முதலில் படிகாரமே சேர்க்கப்படுகிறது. தனித்தனியே மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோல் திரண்டு அடியில் படிகின்றன. கிருமிகளுள் பெரும்பகுதியும் அவற்றோடு இறங்கிவிடுகின்றன. மேலே தெளிந்த நீர் மணற்படுகையின் ஊடே வடிகிறது. இறுதியில் குளோரின் சேர்க்கப்படுகிறது.

குளோரினைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும்; ஏனெனில் எங்களிடம் வரும் புகார்களுள் பாதி அதன் நெடியைப் பற்றியவை. நிலையத்திலேயே கிருமிகளைக் கொன்ற பின்னரும் சிறிதளவு குளோரின் நீரில் எஞ்சி நிற்குமாறு வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். நீண்ட குழாய்ப் பயணத்தில் எங்கேனும் கிருமி புகுந்தால் அதனை எதிர்கொள்ளும் காவலன் அந்த எஞ்சிய குளோரினே. இந்தியத் தர நிர்ணயத்தின்படி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் அது இருத்தல் வேண்டும். ஆகவே, மெல்லிய குளோரின் நெடி வீசும் நீரைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டா. காய்ச்சி ஆறவைத்தால் அந்நெடி நீங்கும்.

எனினும் குளோரினுக்கு அடங்காத உயிரிகளும் உள. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி என்னும் நகரம், மிச்சிகன் ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கிறது. 1993ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்நகரின் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் வடிகட்டுதல் சரிவர நிகழாமையால், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி குழாய்நீரில் கலந்தது. தடித்த ஓடுடைய அதனைக் குளோரின் ஒன்றும் செய்யவில்லை. ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் துன்புற்றனர் என மதிப்பிடப்பட்டது. உடல்நலம் உள்ளோர் சில நாள்களில் தேறினர். இறந்தோருள் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயால் எதிர்ப்பாற்றல் இழந்திருந்தவர்கள். ஒரே நீரை ஒரே ஊரார் அருந்தினர்; சிலருக்கு அது சிறு தொல்லை, சிலருக்கு உயிரிழப்பு. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வோர் ஆகியோர் குழாய்நீரைக் காய்ச்சாமல் அருந்தலாகாது என நாங்கள் கூறுவதற்கு இதுவே காரணம். வீட்டிலுள்ள மற்றவர்கள் அதே நீரை ஆண்டுக்கணக்கில் குடித்து நலமாயிருப்பது இவர்களுக்குச் சான்று ஆகாது. குடிநீரால் பரவும் நோய்க்கிருமிகள் கொதிநிலையைத் தாங்குவதில்லை, கிரிப்டோஸ்போரிடியமும் அவ்வாறே.

இறுதி நூறடி

நிலையத்திலிருந்து தூய்மையாகப் புறப்பட்ட நீர், பெரும்பாலும் கெடுவது நம் வீட்டை நெருங்கும்போதுதான். சென்னையின் பெரும்பாலான தெருக்களில் குழாயில் எந்நேரமும் நீர் ஓடுவதில்லை. சில மணி நேரமே வருகிறது. நீர் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும் குழாயில் விரிசல் இருந்தால் நீர் வெளியேதான் கசியும். ஓட்டம் நின்று குழாய் வெறுமையானதும், சுற்றியுள்ள ஈர மண்ணின் நீர் அவ்விரிசல் வழியே உள்ளே புகலாம். அருகில் கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவோர் இக்கேட்டைப் பன்மடங்காக்குகின்றனர்: மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை, விரிசலின் வெளியே நிற்கும் அழுக்கையும் சேர்த்தே இழுக்கிறது. இது விதிக்குப் புறம்பானது. அண்டை வீட்டாரின் நீரையும் மாசாக்குவது.

அடுத்தது, தரைக்கடியில் உள்ள சம்ப். அதில் நீர் தங்கும் ஓரிரு நாள்களில் எஞ்சிய குளோரின் படிப்படியாகக் குறைந்து மறைகிறது. அடியில் சேறு இருப்பின் இன்னும் விரைவில் மறையும். மூடி சரியாகப் பொருந்தாத சம்ப்பில் மழைநீரும் கரப்பானும் எலியும் நுழையும். மொட்டைமாடித் தொட்டிக்கும் இதே கதைதான். ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் இரண்டையும் கழுவுதல் நலம். மூடிக் கிடந்த சம்ப்பில் திறந்தவுடன் எவரும் இறங்கலாகாது; உள்ளே நச்சுக்காற்று தேங்கியோ உயிர்க்காற்று குறைந்தோ இருக்கலாம், அவ்வாறு இறங்கி உயிரிழந்தோர் உண்டு. நீண்ட நேரம் திறந்து வைத்து, வெளியே துணைக்கு ஆள் நிற்க, பழகியவர்களைக் கொண்டே செய்விக்க வேண்டும். கழுவிய பின் நிரப்பிய நீரில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைச் சிறு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

நோயாளியின் குவளை

காய்ச்சுதல் என்று நாங்கள் கூறுவது, ஆவி பறக்கும் வரை சுடவைப்பதை அன்று. நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு முழு நிமிடம் அடுப்பில் இருக்கவேண்டும். பின்னர் அதே பாத்திரத்தில் மூடியபடி ஆறவிடுங்கள். காய்ச்சிய நீரை வேறு குடத்துக்கு மாற்றும்போதும், டம்ளரை விரலோடு உள்ளே முக்கி எடுக்கும்போதும் முன்பட்ட பாடு வீணாகிறது. நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியோ குழாய் வைத்த பாத்திரமோ போதும். மண்பானையை விரும்புவோர் அதையும் இவ்வாறே பயன்படுத்தலாம். காய்ச்சிய நீரில் குளோரின் இராது. ஆகவே அன்றைய நீரை அன்றே தீர்த்துவிடுங்கள். எதிர்ப்பாற்றல் குன்றியோர் பல் துலக்கவும், பச்சையாக உண்ணும் பழங்களைக் கழுவவும் இந்நீரையே கொள்ள வேண்டும். வெளியே விற்கும் பனிக்கட்டி இட்ட பானங்கள் அவர்களுக்கு அறவே ஆகா. கருவுற்ற பெண்களுக்கும் இதில் விட்டுக்கொடுத்தல் கூடாது: மாசடைந்த நீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஈ வகை மஞ்சள் காமாலை, பேறுகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் உயிருக்கே இடராகலாம்.

ஆர்.ஓ. கருவி வாங்கியோர் பலர், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை அருந்துவோருக்கு அது பயனுள்ள கருவியே. காய்ச்சுவதால் உப்பு குறையாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். இரத்தக்கொதிப்பும் சிறுநீரக நோயும் உடையோர் அந்த உப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் ஆர்.ஓ. கருவி குளோரினையும் நீக்கிவிடுகிறது. வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாமல், சேமிப்புக் கலத்தைக் கழுவாமல் விட்டால், காவலற்ற அந்நீரில் கிருமிகள் தடையின்றிப் பெருகும். கேன் தண்ணீரும் இவ்வாறே. முத்திரை உடையாமல் இருக்கிறதா, நிரப்பிய நாளும் உரிம எண்ணும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பன்முறை நிரப்பப்பட்டுக் கீறல் விழுந்து மங்கிய கேனை ஏற்காதீர்கள். எதிர்ப்பாற்றல் குன்றியோருக்குக் கேன் நீரையும் காய்ச்சியே கொடுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் சிலர், "இங்கே இயந்திரத்துக்கு இத்தனை தூய நீர் வேண்டுமென்றால், எனக்கும் அதுவே வேண்டாமா?" என்று கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். வயிற்றுக்குச் செல்லும் நீர் வேறு, இரத்தத்தை அடுத்து ஓடும் நீர் வேறு. நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றில் ஏறத்தாழ 120 லிட்டர் திரவம், மெல்லிய சவ்வு ஒன்றே இடையிருக்க, நோயாளியின் இரத்தத்தை ஒட்டிப் பாய்கிறது. குடிப்போரைக் காக்கும் அதே குளோரின் அங்கே சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அதனால் கரித்தூள் படுகை வழியே நீரைச் செலுத்திக் குளோரினை அகற்றுகிறோம். சிகிச்சை தொடங்குமுன், லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது இல்லை என்று சோதித்து உறுதி செய்கிறோம். உங்கள் வீட்டுக் குவளைக்குக் காய்ச்சிய குழாய்நீர் போதுமானது. எவ்வளவு குடிக்கலாம் என்பதில் மட்டும் உங்கள் சிறுநீரக மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவை மீறாதீர்கள். இதயச் செயலிழப்பு உடையோருக்கும் அவ்வாறே.

குழாய்நீர் கலங்கலாகவோ, சாக்கடை நாற்றத்தோடோ வந்தால், அதனைக் காய்ச்சியும் பயன்படுத்த வேண்டா. சம்ப்புக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டு, குடிநீர் வாரியத்தின் 1916 என்னும் எண்ணில் தெரிவியுங்கள். வந்து மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். அண்டை வீடுகளிலும் அவ்வாறே வருகிறதா என்று விசாரித்துச் சொன்னால், பழுது தெருக்குழாயிலா உங்கள் இணைப்பிலா என்று கண்டறிவது எளிதாகும். அந்நீரை அறியாது அருந்திய நோயாளிக்கு வயிற்றுப்போக்கோ, குளிருடன் காய்ச்சலோ, சிறுநீர் மஞ்சளாதலோ காணப்பட்டால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள். மருந்தேற்றிக்கொண்ட இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.