கேபிளை நிறுத்துமுன் வீட்டார் யோசிக்கவேண்டியவை

"மாதாமாதம் கேபிளுக்கு ஏன் பணம் கட்டவேண்டும்? எல்லாம்தான் இன்டர்நெட்டில் வருகிறதே!" இந்தக் கேள்வி இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுந்துள்ளது. கேள்வி நியாயமானதே. ஆனால் இதற்குரிய பதில் எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. ஆகவே பெரியோரும் பிள்ளைகளும் கூடி அமர்ந்து, அவசரமின்றி இதை ஆராய்வது நலம்.

1. வந்த வழி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. கூரைமேல் ஆன்டெனா நட்டுப் பார்த்த காலம் அது. 1993-இல் சன் டிவி வந்தது. தெருத்தெருவாகக் கேபிள் ஓடியது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. பின்னர் 2015-இல் ஹாட்ஸ்டாரும், 2016-இல் நெட்ஃபிளிக்ஸும், 2017-இல் சன் நெக்ஸ்டும் வந்தன. படம் பார்க்கக் கேபிளே கதி என்ற நிலை அத்துடன் மாறிற்று.

2. இரண்டுக்கும் வேற்றுமை யாது?

கேபிள் ஊர் வாய்க்காலைப் போன்றது. எல்லாச் சேனல்களும் ஒரே கம்பியில் எல்லா வீட்டுக்கும் ஓடி வருகின்றன. ஒருவர் பார்த்தாலும் ஊரே பார்த்தாலும் சுமை ஒன்றே. இன்டர்நெட்டோ வீட்டுக் குழாயைப் போன்றது. நாம் கேட்ட படம் நமக்கென்று தனியே வருகிறது. தந்தை கூடத்தில் செய்தியும் மகன் அறையில் கிரிக்கெட்டும் பார்த்தால், இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டதற்குச் சமம்.

ஹெச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க ஏறக்குறைய 3 ஜி.பி. வரை செலவாகும். நாளுக்கு 4 மணி நேரம் டிவி ஓடும் வீட்டில் மாதம் 360 ஜி.பி. ஆகிவிடும். எனவே நாளுக்கு 2 ஜி.பி. தரும் கைபேசி ரீசார்ஜை நம்பிக் கேபிளை நிறுத்துவது வீண். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வேண்டும்.

3. செலவுக் கணக்கு

உதாரணத்துக்கு இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் கேபிளுக்கு மாதம் 250 ரூபாய், ஆண்டுக்கு 3,000. இரு வீட்டாரும் கேபிளை விட்டு, ஆண்டுக்கு 1,500 ரூபாய்ச் சந்தாவில் ஒரு ஓ.டி.டி. எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வீட்டில் பிள்ளையின் படிப்புக்காக ஃபைபர் ஏற்கெனவே உண்டு. அவர்களுக்கு 1,500 ரூபாய் மிச்சம்.

இரண்டாம் வீட்டில் இன்டர்நெட் இல்லை. புதிதாக 499 ரூபாய்த் திட்டம் எடுக்கிறார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் அது 589 ரூபாய், ஆண்டுக்கு 7,068. சந்தாவையும் கூட்டினால் 8,568. மிச்சம் பிடிக்கப் புறப்பட்டவர்களுக்கு 5,568 ரூபாய் கூடுதல் செலவு!

அன்றியும், ஒரு சந்தா ஒன்றோடு நிற்பது அரிது. கிரிக்கெட்டுக்கு ஒன்று, தொடருக்கு ஒன்று, புதுப் படத்துக்கு ஒன்று எனப் பெருகும். ஆட்டோபே வைத்திருந்தால் பணம் தானாகவே போய்க்கொண்டிருக்கும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரவேண்டுமென்பது 2021 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடவேண்டாம்.

4. வீட்டில் இருப்போர்

பணக் கணக்கு முடிந்தது. மனிதர் கணக்கு இனிமேல்தான்.

பாட்டிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. சேனல் எண்கள் மட்டும் மனப்பாடம். விடியற்காலையில் மாதா தொலைக்காட்சித் திருப்பலி, பகலில் செய்தி, மாலையில் ஒரு தொடர். மகன் ஒரு நாள் கேபிளை நிறுத்திவிட்டு, "அம்மா, இனிமே எல்லாம் இதிலேயே வரும்" என்று புது ரிமோட்டைத் தருகிறான். "இதுல நம்பர் எங்கடா இருக்கு?" என்கிறார் அவர். மகன் வேலைக்குப் போய்விடுகிறான். அன்று முழுவதும் டிவி ஓடவில்லை. கேட்டால், "எனக்கு ஒண்ணும் பார்க்கவேணாம்பா" என்று சொல்லிவிடுகிறார். மாதம் 250 ரூபாய் மிச்சம்தான், யாருடைய பங்கிலிருந்து?

திருப்பலியும் செய்தியும் யூடியூபில் உண்டு என்பது மெய். ஆனால் அதைத் திறக்கத் தெரிந்தவருக்கே அது உண்டு. ஆகவே கேபிளை நிறுத்துமுன் ஒரு மாதம் இரண்டையும் வைத்திருந்து, பாட்டிக்குப் பொறுமையாகப் பழக்குக. பேரப்பிள்ளைக்கு இது நல்ல வேலை. பழகவில்லையானால் கேபிள் இருக்கட்டும்.

சிறுவர் விஷயமும் உண்டு. 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, ஓ.டி.டி. படங்களுக்கு வயதுக் குறியீடு இடவேண்டும். 13 வயதும் அதற்கு மேற்பட்டதுமான பிரிவுகளுக்குப் பெற்றோர் பூட்டும் தரவேண்டும். பூட்டு இருக்கிறது, போடவேண்டியவர் நாமே.

5. நடுவழிகள்

தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே இல்லை. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். வீட்டார் விரும்பும் சேனல் அதில் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்க. கேபிளை அறவே விடாமல், பார்க்காத கட்டணச் சேனல்களை மட்டும் நீக்கிச் செலவைக் குறைப்பதும் ஒரு வழி. நிறுத்தத்தான் வேண்டுமென்றால், கேபிள்காரரிடம் நேரில் சொல்லி, பெட்டி அவர்களுடையதானால் திருப்பிக் கொடுத்து ரசீது பெறுக. அவரே ஃபைபர் இணைப்பும் கொடுப்பவராயிருக்கலாம்.

குடும்பமாகக் கூடிப் பேச வினாக்கள்

1. சென்ற வாரம் நம் வீட்டில் யார் யார் எந்தெந்தச் சேனலைப் பார்த்தோம்?
2. இன்டர்நெட், ஓ.டி.டி., கேபிள் மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம்?
3. கேபிளை நிறுத்தினால் நம்மில் அதிகம் இழப்பவர் யார்? அவரைக் கேட்டோமா?

மூன்றாம் வினாவுக்குப் பதில் கிடைத்தபின் முடிவு செய்க.