பன்றிக்கு வைக்கும் கம்பியும் சிறுத்தையும்



2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், மரக்கறித் தோட்டத்தில் கிடந்த கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டது. வனஜீவராசிகள் அதிகாரிகள் வந்து அதை மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் மருந்து செய்தார்கள். சில நாளில் செத்துப்போனது. கறுப்பாக இருப்பதால் அது வேறு சாதி மிருகம் அல்ல. நம் மலைகளில் திரியும் அதே சிறுத்தைதான். இந்த வகை இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை.

இப்படியான கம்பிகளை யாரும் சிறுத்தைக்கென்று வைப்பதில்லை, பன்றிக்குத்தான் வைக்கிறார்கள். "கிழங்கெல்லாம் கிண்டிட்டுப் போகுதுங்க, நாங்க என்ன செய்யிறது?" என்று லயத்தில் நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து நாலு பாத்தி போட்டவருக்கு, ஒரே ராத்திரியில் எல்லாம் போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கம்பிக்குக் கண் இல்லை. பன்றி போகிற தடத்தில்தான் பன்றியைத் தின்னும் சிறுத்தையும் போகிறது. மாட்டிய மிருகம் இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். இடுப்பில் இறுகினால் வெளியே காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கிப் போயிருக்கும். காப்பாற்றிய பிறகும் சாவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் சிறுத்தையைப் பாதுகாக்கின்றன. கொல்வது, காயப்படுத்துவது, பிடிப்பது குற்றம். தோல், பல், நகம் வைத்திருப்பதும் குற்றம். தாயத்துக்கு என்று ஒரு நகம் கழற்றினாலும் அப்படித்தான். தண்டப்பணமும் உண்டு, சிறையும் உண்டு. "பன்றிக்குத்தானே வச்சோம்" என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம் என்று யாரும் நம்பி இருக்க வேண்டாம்.

சிறுத்தை மாட்டியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள். கூட்டம் கூடுவதுதான் பெரிய கேடு. சத்தம் போட்டால், கல்லெறிந்தால் அது வெருண்டு இன்னும் இழுக்கும், கம்பி இன்னும் இறுகும். அறுத்துக்கொண்டு பாய்ந்தால் நம் ஆளுக்கே ஆபத்து. போனில் படம் பிடிக்கப் போகும் பிள்ளைகளைத் தடுத்து வையுங்கள். கம்பியை நாமே வெட்டிவிடலாம் என்ற வீரமும் வேண்டாம். மயக்க ஊசி போடுகிற வைத்தியர் வரும்வரை பொறுக்க வேண்டும்.

உடனே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள், அல்லது பொலிஸுக்கு 119. தோட்டத்தின் பெயர், டிவிஷன், மலை இலக்கம், ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், மிருகம் உயிரோடு இருக்கிறதா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "சொன்னா நம்மளத்தான் பிடிப்பாங்க" என்று பயந்து மணிக்கணக்கில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் மிருகம் செத்துப்போகிறது. பெயர் வெளியே போகக் கூடாது என்றால் அதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள், கூட இருந்து பேசுகிறோம்.

வெறும் கம்பியைக் கண்டாலும் சொல்லுங்கள். கொழுந்து மலையில் சிறுத்தைக் குட்டி கிடந்தால் தூக்க வேண்டாம். தாய் பக்கத்தில்தான் இருக்கும். சத்தமில்லாமல் விலகி, கங்காணியிடம் சொல்லி, அந்த மலையில் அன்றைக்குப் பறிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.