பேட்டரி டிரில்: வோல்ட்டை நம்பி வாங்கலாமா?

பேட்டரி டிரில் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வோல்ட்?" அதைவிட, எதைத் துளைக்கப் போகிறோம் என்று யோசித்துவிட்டுப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: 18 வோல்ட்டைவிட 20 வோல்ட்டுக்குச் சக்தி அதிகம்.

இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பவை வரிசையாக இணைத்த 5 லித்தியம் அயன் செல்கள். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கு வைத்தால் 18. முழுக்க சார்ஜ் ஏறியதும் ஒரு செல் 4 வோல்ட்டைத் தாண்டிக் காட்டும். அந்த நேரத்துக் கணக்கைத்தான் 20 என்றும் 21 என்றும் அச்சடிக்கிறார்கள். மலிவு மெஷின்களில் '88 விஎஃப்', '128 விஎஃப்' என்று வருவது வோல்ட்டே இல்லை, வெறும் ஸ்டிக்கர். பார்க்க வேண்டியது நியூட்டன் மீட்டரில் தரும் முறுக்குவிசையை. பிளைவுட்டுக்கும் அலமாரிக் கீலுக்கும் 3 செல் கொண்ட 12 வோல்ட் டிரில்லே போதும், கையும் வலிக்காது.

நம்பிக்கை: சுத்தியல் படம் போட்டிருந்தால் எந்தச் சுவரிலும் இறங்கும்.

செங்கல் சுவரில் இறங்கும். ஆனால் நம் வீடுகளில் ஸ்கிரீன் ராடு மாட்டும் இடம் ஜன்னலுக்கு மேலே, அதாவது பெரும்பாலும் லிண்டல் கான்கிரீட்டில். முதல் ஒன்றரை சென்டிமீட்டர் பூச்சு, சாம்பல் தூளாகச் சுலபமாகக் கொட்டும். அதற்குப் பின் சிவப்புத் தூள் வந்தால் செங்கல், கவலையில்லை. சாம்பல் தூளே தொடர்ந்து வந்து, பிட் கிறீச்சிட்டு நின்ற இடத்திலேயே சுற்றினால் ஜல்லியில் முட்டியிருக்கிறது. சாதாரண ஹேமர் டிரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் உரசித் துள்ளுவதுதான் அடி. நாம் அழுத்துகிற அளவுக்குத்தான் அது இறங்கும். ரோட்டரி ஹேமரில் காற்றழுத்தத்தால் ஓடும் பிஸ்டன் தானே அடிக்கும். தூண், பீம், ரூஃப் என்றால் அதுதான் சரி. இம்பாக்ட் டிரைவரை இதோடு குழப்ப வேண்டாம். அதன் அடி சுற்றும் திசையில். ஸ்குரூ முடுக்கத்தான் அது.

(மெஷினைத் திட்டுவதற்கு முன் ரிவர்ஸ் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். இரும்புக்கான பிட்டைச் சுவரில் போட்டால் முனை போய்விடும். சுவருக்குக் கார்பைடு முனை வேண்டும்.)

நம்பிக்கை: பேட்டரியை முழுக்கத் தீர்த்த பிறகே சார்ஜ் போட வேண்டும்.

1961இல் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்த முதல் கம்பியில்லா டிரில் நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடியது. அந்தக் காலத்துப் பழக்கம் இது. லித்தியம் பேட்டரிக்கு அடியோடு தீர்வதுதான் கெடுதல். வேகம் குறைந்ததும் சார்ஜ் போடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்; மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள்.

நம்பிக்கை: பிரஷ்லெஸ் இல்லாவிட்டால் வீண்.

பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசல் இல்லாததால் சூடு குறைவு, ஒரே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், உண்மைதான். தினமும் வேலை நடக்கிற பட்டறைக்கு 18 வோல்ட் பிரஷ்லெஸ், இரண்டு பேட்டரி என்று வாங்குவது நியாயம். அடுத்து வாங்கும் கருவிகளையும் அதே பேட்டரியில் ஓடும் வரிசையில் எடுத்தால் மெஷினை மட்டும் வாங்கினால் போதும். வருடத்துக்கு இரண்டு முறை படம் மாட்டுகிற வீட்டிலோ பேட்டரி சும்மா கிடந்தே வயதாகும்; அங்கே ஒயர் வைத்த ஹேமர் டிரில்லே போதும், விலையும் குறைவு.