குப்பி விளக்கு சொல்லும் விஞ்ஞானம்



இரசாயனத் தாக்கம், விசை, இயக்கம் என்பவை பரீட்சைக்கு மட்டும் உரிய பாடங்கள் அல்ல. மின்சாரம் தடைப்பட்ட இரவில் நாம் ஏற்றும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் இம்மூன்றும் உள்ளன. அவற்றை அறிந்தால் ஓர் உயிரையே காக்கலாம்.

முதலில் சுவாலையைப் பார்ப்போம். திரியின் நுண்ணிய துளைகள் வழியே எண்ணெய் மேலேறுகிறது. இதனை மயிர்த்துளை எழுச்சி என்பர். ஏறிய எண்ணெய் சுவாலையின் வெப்பத்தால் ஆவியாகிறது. எரிவது திரவமன்று, இந்த ஆவியே. அது வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுற, காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகி, வெப்பமும் ஒளியும் வெளிவருகின்றன. ஒட்சிசன் போதாவிடின் கரிப்புகை எழும்.

இனி விசை. ஒரு பொருளின் புவியீர்ப்பு மையத்திலிருந்து நேரே கீழ்நோக்கி ஒரு கோடு கீறுவதாக எண்ணுங்கள். அக்கோடு பொருளின் அடிக்குள் விழும்வரை பொருள் நிற்கும். வெளியே சென்றால் சரியும். ஒடுங்கிய, உயர்ந்த போத்தலுக்கு மையம் உயரத்தில், அடியோ சிறியது. படிக்கும் பிள்ளையின் முழங்கை தட்டினாலே விழும். விழுந்தது உருளும், மூடி கழன்று எண்ணெய் சிந்தும். எண்ணெய் ஊறிய ஆடையில் நெருப்புப் பட்டால் ஆடையே திரியாகிவிடும்.

இவ்வாறு எரிகாயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, விளக்கின் வடிவத்தையே மாற்றினார். அவரது "சுதீப" விளக்கு கட்டையானது. தடித்த கண்ணாடியாலான பாரமான விளக்கு. ஆகவே இலகுவில் சரியாது. இரு பக்கங்களும் தட்டையானவை, விழுந்தாலும் உருளாது. உலோகத் திருகுமூடி எண்ணெயைச் சிந்தவிடாது. இதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

வீட்டில் நாம் செய்யவேண்டியவை எவை?

விளக்கு எரியும்போது எண்ணெய் ஊற்றவேண்டாம். மண்ணெண்ணெயுடன் பெற்றோலைக் கலக்கவே வேண்டாம்.

எரியும் எண்ணெய்மீது நீர் ஊற்றவேண்டாம். எண்ணெய் நீரிலும் இலேசானது; மிதந்து தீயைப் பரப்பும். மணலையோ ஈரச் சாக்கையோ போட்டு மூடுங்கள். ஒட்சிசன் தடைப்படத் தீ அணையும்.

ஆடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓட்டம் காற்றைக் கூட்டும். நிலத்தில் படுத்து உருளவேண்டும்.

எரிகாயத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீர் ஓடவிடுங்கள். பற்பசையோ தேங்காயெண்ணெயோ பூசவேண்டாம். காயம் பெரிதாயின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: உயரமான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றிலும் கட்டையான அகன்ற போத்தல் ஒன்றிலும் நீர் நிரப்பி மூடுங்கள். இரண்டையும் விரலால் மெல்லச் சரித்துப் பாருங்கள். எது முதலில் விழுகிறது? ஏன் என்பதைப் பெற்றோருக்கு விளக்குங்கள். பின்பு வீட்டிலுள்ள விளக்கு எவ்வகையானது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.