சதுப்புக்குச் சம்மட்டி தூக்கிப் போகும் பிள்ளைகளுக்கு

பட்டிப்பொலயில் ரயிலை விட்டிறங்கி ஹோட்டன் சமவெளிக்கு ஏறப்போகிறீர்கள். நிலவதிர்வு ஆய்வில் புதியவர்கள் என்பதால் இவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

1. எதற்குப் போகிறீர்கள் என்று முதலில் தெளியுங்கள். அந்தச் சமவெளியின் சதுப்பில் துளைத்தெடுத்த சேற்றிலிருந்த மகரந்தத்தைக் கொண்டு, ரத்னசிறி பிரேமதிலக்கவும் யான் ரிஸ்பெர்க்கும் சுமார் 24,000 ஆண்டுப் பருவமழை வரலாற்றை 2003இல் எழுதினார்கள். ஆனால் ஒரு துளை ஓரிடத்தைத்தான் காட்டும். அந்தப் படிவுகள் எங்கே தடிக்கின்றன, எங்கே மெலிந்து மறைகின்றன என்று அறியவே அதிர்வலை வேண்டும்.

2. விடியலிலேயே தொடங்குங்கள். காற்றெழுந்தால் புல் ஆடும், நில அதிர்வைப் பதியும் ஜியோபோன் அதையும் பதியும். அந்த இரைச்சல் மங்க, ஒரே இடத்தில் சம்மட்டியால் பலமுறை அடித்துப் பதிவுகளைக் கூட்டுங்கள்.

3. தண்ணீர் உங்களை ஏமாற்றும். இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அழுத்த அலை நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீற்றர் ஓடும். நீரில் ஊறிய களியிலும் மணலிலும் ஏறத்தாழ அதே வேகம்தான். ஆகவே களிக்கும் மணலுக்கும் நடுவிலுள்ள எல்லை பதிவில் தெரியாமலே போகலாம். மக்கிய கருமண்ணில் மீதேன் குமிழி இருந்தாலோ வேகம் மிகவும் விழுந்துவிடும், அலையும் மங்கும். வேகம் குறைந்த இடமெல்லாம் காய்ந்த மண் என்று எழுதிவிடாதீர்கள். அதனால் குறுக்கலையையும் பதியுங்கள். அது நீருக்குள் ஓடாது, மண்ணின் இறுக்கத்தை மட்டுமே பேசும். பலகையொன்றைப் பாரமேற்றி நிலத்தோடு அழுத்தி, இரு முனைகளிலும் பக்கவாட்டில் அடியுங்கள். இரு பதிவும் ஒன்றுக்கொன்று தலைகீழாக வந்தால் குறுக்கலை கிடைத்துவிட்டது.

4. பூந்தல போன்ற கரையோர உப்பு நிலத்தில் நிலம் ஊடுருவும் ராடார் உதவாது, உப்புநீர் அதை விழுங்கிவிடும். அதிர்வலைக்கு உப்பு தடையில்லை. சமவெளியில் இருப்பது நன்னீர். ஆகவே அங்கே ராடாரையும் கூடக் கொண்டுபோங்கள்.

5. கீழே பாறை சட்டென்று தொடங்காது. உக்கிய பாறை மெல்ல மெல்லத்தான் இறுகும். அங்கே ஒற்றைக் கோடு கிழிப்பது பொய்.

6. கணினி வரைந்த படத்தை அப்படியே நம்பாதீர்கள். இரண்டு இடத்திலாவது கைத்துளைப்பானால் மண்ணெடுத்து ஒப்பிடுங்கள்.

7. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் இங்கிருந்தே நீர் போகிறது. ஒரே தடத்தில் நடங்கள், துளைகளை மூடுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி கைக்கு வராமல் சம்மட்டியை வண்டியில் ஏற்றாதீர்கள்.